சார்லஸ் பிராட்லா: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் ஊர் நூலக வாசகர் வட்டத்தில் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் கதையைச் சில மாதங்கள் பேசிவந்தேன். சார்லஸ் பிராட்லா பெயரை எடுத்த நாளிலிருந்து கூட்டம் முடிந்த பிறகும் என்னை நிறுத்திவைத்துக் கேட்கிறார்கள். பெரும்பாலும் அதே சந்தேகங்கள்தான். அவற்றை, கேட்டவர்கள் கேட்ட மாதிரியே, இங்கே தொகுத்திருக்கிறேன்.

பிராட்லாவா? யாருங்க அவரு? பேரே கேள்விப்பட்டதில்லையே!

இங்கிலாந்தில் நார்தாம்ப்டன் என்றொரு ஊர். செருப்புத் தைப்பவர்கள் நிறைந்த ஊர். 1880 பொதுத் தேர்தலில் அந்தத் தொகுதி நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய இருவரில் ஒருவர் சார்லஸ் பிராட்லா. "நான் நாத்திகன்" என்று மேடைதோறும் வெளிப்படையாகச் சொன்னவர். அதைக் காரணம் காட்டி, மக்கள் கொடுத்த இருக்கையில் அவர் முறையாக உட்கார ஏறக்குறைய ஆறு ஆண்டுகள் நாடாளுமன்றத்தின் கீழவையான காமன்ஸ் சபை இடம் கொடுக்கவில்லை. அதற்குள் நார்தாம்ப்டன்காரர்கள் அவரை ஐந்து முறை தேர்ந்தெடுத்துவிட்டார்கள்.

நாத்திகம், ஆத்திகம் என்ற சண்டைக்காக நான் இவரைப் பேசவில்லை. மக்கள் ஒருவரைத் தேர்ந்தெடுத்த பிறகு, "எங்களுக்கு இவரைப் பிடிக்கவில்லை" என்று சபை சொல்ல முடியுமா? இந்தக் கேள்வியைத் தன் உடம்பாலும் கைக்காசாலும் கேட்டவர் அவர்.

நம்ம பெசன்ட் நகர் அன்னி பெசன்ட் கூட இருந்தாரே, அவரா?

அவரேதான். அடையாறுக்கு வருவதற்கு வெகுமுன்பு, லண்டனில் அன்னி பெசன்ட் பிராட்லாவின் தோழராக, அவருடைய 'நேஷனல் ரிஃபார்மர்' இதழில் உடன் வேலை செய்தவராக இருந்தார். 1877இல் இருவரும் சேர்ந்து, குழந்தைப்பேற்றைத் தள்ளிப்போடும் வழிகளைச் சொல்லும் ஓர் அமெரிக்க மருத்துவரின் சிறு நூலைத் துணிந்து மறுபதிப்பிட்டார்கள். ஏழைக் குடும்பங்களுக்கு இது தெரிய வேண்டும் என்பது அவர்கள் வாதம். ஆபாசம் என்று வழக்கு வந்தது. ஆளுக்கு ஆறு மாதச் சிறை, 200 பவுண்டு அபராதம். அடுத்த ஆண்டு மேல்முறையீட்டில், குற்றப்பத்திரிகையில் இருந்த ஒரு சட்டக் குறையால் தண்டனை விழுந்துபோனது. ஆனால் இதையே காரணமாக்கி அன்னி பெசன்ட்டின் மகளை அவரிடமிருந்து நீதிமன்றம் பிரித்தது. அந்த இழப்பைச் சொல்லாமல் இந்த வழக்கைப் பேசுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

1880களின் நடுவில் அன்னி பெசன்ட் சோசலிசத்தின் பக்கம் போனார், 1889இல் பிரம்மஞான சபையில் சேர்ந்தார். பாதைகள் பிரிந்தன.

பெரிய இடத்துப் பிள்ளையா? அந்தக் காலத்துல சாதாரண ஆளு எம்.பி. ஆக முடியுமா?

லண்டன் ஹாக்ஸ்டனில் 1833இல் பிறந்தவர். அப்பா வக்கீல் குமாஸ்தா. பிராட்லா பதினோரு வயதில் பள்ளியை விட்டு எடுபிடி வேலைக்குப் போனார், பிறகு ஒரு நிலக்கரி வியாபாரியிடம் கணக்கெழுதினார். ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயப் பள்ளியில் பாடம் சொல்லிக்கொடுத்தார். பிஷப் வரப்போகிறார் என்று, திருச்சபையின் முப்பத்தொன்பது கொள்கை விதிகளைப் படித்து வைக்கச் சொன்னார் பாதிரியார். பையன் அவற்றைச் சுவிசேஷங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தான், பொருந்தவில்லை. விளக்கம் கேட்டுக் கடிதம் எழுதினான். பதிலாகக் கிடைத்தது ஆசிரியர் வேலையிலிருந்து நீக்கம். சில நாட்களில் வீட்டை விட்டும் வெளியேற வேண்டியதாயிற்று. கேட்ட கேள்விக்கு யாராவது பொறுமையாகப் பதில் சொல்லியிருந்தால் அவர் எங்கே போயிருப்பாரோ என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு.

பிறகு பட்டாளத்தில் சேர்ந்து அயர்லாந்தில் மூன்று ஆண்டு இருந்தார். உறவுப் பாட்டி ஒருவர் விட்டுப்போன பணத்தைக் கட்டி விடுதலை பெற்று, வக்கீல் குமாஸ்தாவாக வேலை பார்த்துக்கொண்டே ஊர் ஊராகப் பேசினார். 1866இல் தேசிய மதச்சார்பின்மைச் சங்கத்தைத் தொடங்கினார். எம்.பி. ஆவதற்குச் சொத்து வேண்டும் என்ற விதி 1858இலேயே போய்விட்டது. ஆனால் எம்.பி.க்குச் சம்பளம் கிடையாது, அது 1911இல்தான் வந்தது. பேச்சுக் கட்டணமும் கடனும்தான் இவருக்குப் படியளந்தன. நார்தாம்ப்டனில் 1868இல் நின்று தோற்றார். 1874இல் இரண்டு முறை நின்று இரண்டு முறையும் தோற்றார். நான்காவது முயற்சியில்தான் வெற்றி.

எம்.பி. ஆகிறதுக்கு எதுக்குச் சத்தியம்? ஜெயிச்சாப் போதாதா?

போதாது. அரசருக்கோ அரசிக்கோ விசுவாசமாக இருப்பேன் என்று சத்தியப்பிரமாணம் செய்யாமல் சபையில் உட்கார்ந்து வாக்களித்தால், ஒவ்வொரு வாக்குக்கும் 500 பவுண்டு அபராதம், இருக்கையும் காலி என்றது 1866ஆம் ஆண்டுச் சட்டம். சத்தியத்தின் முடிவில் "கடவுள் எனக்குத் துணை நிற்கட்டும்" என்ற சொற்கள் இருந்தன.

இந்தக் கதவில் முட்டிக்கொண்ட முதல் ஆள் பிராட்லா இல்லை. கத்தோலிக்கரான டேனியல் ஓ'கானல் 1828இல் வென்றும் உட்கார முடியாமல் நின்றார், மறு ஆண்டு சட்டமே மாறியது. யூதரான லயனல் ராத்சைல்டு 1847இல் வென்று, 1858 வரை காத்திருந்தார். குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் சத்தியமே செய்யக்கூடாது என்ற நம்பிக்கை உள்ளவர்கள், அவர்களுக்கு வெறும் உறுதிமொழி போதும் என்று ஏற்கெனவே விலக்கு இருந்தது. கதவு ஒவ்வொரு மதத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தது. மதமே இல்லாதவர் வந்தபோது மறுபடி சாத்திக்கொண்டது.

முதல்ல சத்தியம் செய்ய மாட்டேன்னாரு, அப்புறம் செய்யறேன்னு வந்தாரு. கொள்கை வழுவல்தானே இது?

என்னிடம் அதிகம் பேர் கேட்ட கேள்வி இதுதான். நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். 1880 மே 3 அன்று, சத்தியத்துக்குப் பதிலாக உறுதிமொழி சொல்ல அனுமதி கேட்டார். நம்பிக்கையற்றவர்கள் நீதிமன்றச் சாட்சிக் கூண்டில் உறுதிமொழி சொல்லலாம் என்று 1869, 1870ஆம் ஆண்டுச் சட்டங்கள் சொல்கின்றன, அது இங்கும் செல்லும் என்பது அவர் வாதம். சபாநாயகர் ஹென்றி பிராண்ட் முடிவெடுக்காமல் சபையிடம் விட்டார். சபை ஒரு குழு போட்டது. குழு ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில் "முடியாது" என்றது.

உடனே பிராட்லா, "அப்படியானால் சட்டப்படி சத்தியமே செய்கிறேன், அதில் வரும் சில சொற்களுக்கு என்னளவில் பொருளில்லை, ஆனால் உறுதியின் சாரம் என்னைக் கட்டுப்படுத்தும்" என்று பத்திரிகைக்கு எழுதினார். நேர்மையாகத்தான் எழுதினார். ஆனால் எதிரிகள் கையில் அவரே கொடுத்த ஆயுதம் அந்தக் கடிதம். சத்தியத்தையே கேலிப்பொருளாக்குகிறார் என்று மே 21 அன்று டிரம்மண்ட் வுல்ஃப் என்ற எதிர்க்கட்சி எம்.பி. எழுந்து தடுத்தார். ரேண்டால்ஃப் சர்ச்சில் (வின்ஸ்டன் சர்ச்சிலின் அப்பா), அரச குடும்பத்தை விமர்சித்து பிராட்லா எழுதிய நூலைச் சபையில் வாசித்துக்காட்டித் தரையில் வீசினார்.

கொள்கை வழுவல் என்று நான் சொல்ல மாட்டேன். நாத்திகர்களுக்குச் சலுகை வாங்க அவர் சபைக்குப் போகவில்லை, நார்தாம்ப்டனின் வேலையைச் செய்யப் போனார். சட்டம் காட்டும் எந்த வழியிலும் உள்ளே போகத் தயாராக இருந்தார். ஆனாலும் முதல் நாளே பேசாமல் சத்தியம் செய்திருந்தால் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். கடவுள் நம்பிக்கை இல்லாத வேறு சிலர் சத்தமில்லாமல் அப்படி உள்ளே போய் உட்கார்ந்திருந்தார்கள் என்பதும் உண்மை.

பிக் பென் கடிகாரக் கோபுரத்துல ஜெயில்ல போட்டாங்கன்னு சொல்றாங்களே, நிஜமா?

நிஜம். 1880 ஜூன் 22 அன்று, இவர் சத்தியமும் செய்யக்கூடாது, உறுதிமொழியும் சொல்லக்கூடாது என்று 275க்கு 230 என்ற வாக்கில் சபை தீர்மானம் போட்டது. மறுநாள் சபையின் வாயிற்கோட்டில் (உள்ளே உட்கார உரிமை இல்லாதவர் நின்று பேசும் எல்லைக்கோடு) நின்று பிராட்லா தன் தரப்பைப் பேசினார். வெளியேறச் சொன்னபோது மறுத்தார். கடிகாரக் கோபுரத்தில் இருந்த சிறை அறையில் அடைத்தார்கள். அடுத்த நாளே விட்டும்விட்டார்கள். தன்னால் சட்டப்படி அவரை வைத்திருக்கவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை என்று சபை தவித்தது.

சரி, அதுக்கப்புறம் என்னாச்சு? தேதியெல்லாம் குழம்புதே.

யாருக்கும் குழம்பும். சுருக்கமாகச் சொல்கிறேன். ஜூலை 1 அன்று பிரதமர் கிளாட்ஸ்டன் ஒரு நடுவழி கண்டுபிடித்தார்: உறுதிமொழி சொல்லட்டும், ஆனால் வழக்கு வந்தால் அவர் பொறுப்பு. மறுநாள் உறுதிமொழி சொல்லி உட்கார்ந்தார், சில மாதம் வேலையும் செய்தார். கிளார்க் என்பவர், சத்தியம் செய்யாமல் வாக்களித்ததற்கான 500 பவுண்டு அபராதத்தைக் கேட்டு உடனே வழக்குப் போட்டார். 1881 மார்ச்சில் தீர்ப்பு: அந்தச் சாட்சிச் சட்டங்கள் நீதிமன்றத்துக்கு மட்டும்தான். இருக்கை போனது. ஏப்ரலில் இடைத்தேர்தல், நூற்றுச் சொச்சம் வாக்கில் வென்றார். சபை மறுபடி தடுத்தது.

1881 ஆகஸ்ட் 3 அன்று அவர் நேராக உள்ளே போக முயன்றார். பத்துப் போலீஸ்காரர்களும் சபை ஊழியர்களும் சேர்ந்து இழுத்துப் படியில் தள்ளினார்கள். நல்ல ஆகிருதி உள்ள மனிதர், கோட்டு கிழிந்து, மூச்சு வாங்கி நின்றார். வெளியே பெருங்கூட்டம் காத்திருந்தது. ஒரு கையசைவு போதும், அவர்கள் உள்ளே பாய்ந்திருப்பார்கள். அவர் கையசைக்கவில்லை. கைகளில் ஏற்பட்ட காயத்தால் அதற்குப் பிறகு நெடுநாள் படுத்துக் கிடந்தார்.

1882 பிப்ரவரியில், பையிலிருந்து தானே பைபிளை எடுத்துத் தனக்குத் தானே சத்தியம் செய்துகொண்டு உட்கார்ந்தார். சபை அவரை வெளியேற்றியது. மார்ச்சில் மறுபடி வென்றார். 1884 பிப்ரவரியில் அதே மாதிரி சத்தியம் செய்து வாக்களித்து, பிறகு பதவி விலகி, மறுபடி நின்றார். இந்தத் தடவை வித்தியாசம் 368. இத்தனை தடைக்குப் பிறகும் நார்தாம்ப்டன் அவரைக் கைவிடவில்லை என்பதைக் கவனிக்கலாம்.

அந்த வழக்குச் செலவையெல்லாம் யார் கொடுத்தா?

அவருக்கு எதிரான வழக்கின் பின்னால் நியூடிகேட் என்ற எம்.பி. இருந்தார். பெயர் கிளார்க்குடையது, பணம் நியூடிகேட்டுடையது. பிராட்லா இதைக் கண்டுபிடித்து, சம்பந்தமில்லாதவர் வழக்கைத் தூண்டிப் பணம் கட்டுவது குற்றம் என்று பதில் வழக்குப் போட்டு 1883இல் வென்றார். அதே ஆண்டு, அன்று உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை, இந்த அபராதத்தைக் கேட்டு வழக்குப் போடும் உரிமை அரசுக்கு மட்டும்தான், வழிப்போக்கருக்கு இல்லை என்று தீர்ப்புச் சொன்னது. வக்கீல் பட்டம் இல்லாமல், தன் வழக்குகளைப் பெரும்பாலும் தானே வாதாடியவர் பிராட்லா. குமாஸ்தா வேலையில் கற்றதெல்லாம் இங்கே கை கொடுத்தது.

பிரதமரே ஆதரவு, பெரும்பான்மையும் இருக்கு. சட்டத்தை மாத்த வேண்டியதுதானே?

முயன்றார்கள். 1883 மே 3 அன்று உறுதிமொழி மசோதா 289க்கு 292 என்று, மூன்றே வாக்கில் தோற்றது. கிளாட்ஸ்டனின் லிபரல் கட்சியிலேயே பலர் நாத்திகருக்கு வாக்களிக்கத் தயங்கினார்கள். ஐரிஷ் கத்தோலிக்க உறுப்பினர்கள் பெரும்பாலும் எதிர்த்தார்கள். இங்கிலாந்துக் கத்தோலிக்கத் திருச்சபையின் தலைவர் கார்டினல் மானிங்கும் எதிர்ப்பில் முன்னால் நின்றார். ஒரு தலைமுறைக்கு முன் அதே கதவில் நின்ற சமூகம் இது என்பது எனக்கு இன்றும் வருத்தம்தான்.

கிளாட்ஸ்டன் ஆழ்ந்த பக்தர். பிராட்லாவின் கருத்துகள் அவருக்குப் பிடிக்கவே பிடிக்காது. ஆனாலும் அந்த விவாதத்தில் ஏப்ரல் 26 அன்று அவர் பேசியது அவருடைய மிகச் சிறந்த உரைகளில் ஒன்று. "ஏதோ ஒரு கடவுள் உண்டு" என்று சொன்னால் போதும், உள்ளே வரலாம் என்றால் அது கிறிஸ்தவத்தைக் காப்பதாகாது என்றார். மனிதர் விவகாரத்தில் தலையிடாமல் எங்கோ தொலைவில் இருக்கும் தெய்வங்களைப் பற்றிப் பழைய ரோமானியக் கவிஞர் லுக்ரீஷியஸ் பாடிய லத்தீன் அடிகளைச் சபையிலேயே சொன்னார். தனக்குப் பிடிக்காதவரின் உரிமைக்காக ஒரு பக்தர் அப்படிப் பேசினார்.

கோர்ட்டே கூடாதுன்னு சொல்லிட்ட பிறகு 1886ல எப்படி உள்ள விட்டாங்க?

நல்ல கேள்வி, சிக்கலான கேள்வி. மேலே சொன்ன 1881 தீர்ப்பு, உறுதிமொழி சொல்ல முடியாது என்றது. 1884இல் அவர் சத்தியம் செய்ததன் மேல் அரசு போட்ட வழக்கில், கடவுள் நம்பிக்கையில்லாதவர் செய்யும் சத்தியம் சட்டப்படி சத்தியமே ஆகாது என்றும் தீர்ப்பு வந்தது. ஆக இரண்டு வழியும் அடைப்பு.

1885 பொதுத் தேர்தலில் மறுபடி வென்றார். புதிய நாடாளுமன்றம், புதிய சபாநாயகர் ஆர்தர் பீல். 1886 ஜனவரி 13 அன்று, தடுக்க எழ முயன்றவர்களுக்கு பீல் வாய்ப்பே கொடுக்கவில்லை. "பழைய சபையின் தீர்மானங்கள் பழைய சபையோடு போயின. ஓர் உறுப்பினர் சத்தியம் செய்ய வரும்போது குறுக்கே நிற்கும் உரிமை எனக்கும் இல்லை, சபைக்கும் இல்லை. சட்ட விளைவு இருந்தால் அது அவர் பாடு" என்றார். பிராட்லா சத்தியம் செய்தார், கைகுலுக்கினார், உட்கார்ந்தார். அரசும் பிறகு வழக்குப் போடவில்லை. முதல் நாளே பிராண்ட் இதைச் சொல்லியிருந்தால் ஆறு ஆண்டும் ஒரு மனிதரின் உடல்நலமும் மிஞ்சியிருக்கும்.

இவ்வளவு சண்டை போட்டு உள்ள போயி என்ன செஞ்சாரு?

ஐந்தே ஆண்டுதான் கிடைத்தது, ஆனால் ஓய்வில்லாமல் உழைத்தார். கூலியைப் பணமாகக் கொடுக்காமல் முதலாளியின் கடைச் சரக்காகக் கொடுக்கும் வழக்கத்தை இறுக்கிப் பிடித்த 1887ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் அவர் கொண்டுவந்தது. எந்தக் காலத்திலோ ஒரு முன்னோர் செய்த சேவைக்காகப் பிரபுக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாங்கிய ஓய்வூதியங்களை எதிர்த்தார். 1888இல் அவருடைய பிரமாணச் சட்டம் நிறைவேறியது. அன்றிலிருந்து நாடாளுமன்றத்திலும் நீதிமன்றத்திலும் எவரும் கடவுள் பெயர் சொல்லாமல் உறுதிமொழி எடுக்கலாம்.

எல்லாவற்றிலும் நம் மனசுக்குப் பிடித்த மாதிரி இருந்தார் என்று சொல்ல மாட்டேன். தனிமனித உழைப்பில் நம்பிக்கை வைத்தவர், சோசலிசத்தைக் கடுமையாக எதிர்த்தார். எட்டு மணி நேர வேலையைச் சட்டமாக்குவதையும் எதிர்த்தார். இளம் தொழிலாளர்கள் பலர் அதனால் அவரை விட்டு விலகினார்கள்.

'இந்தியாவுக்கான எம்.பி.'ன்னு ஏன் பேரு வந்துச்சு?

முதலில் அப்படி அழைக்கப்பட்டவர் ஹென்றி ஃபாசெட். அவர் 1884இல் இறந்த பிறகு அந்தப் பெயர் பிராட்லாவிடம் வந்தது. இந்தியா பற்றிய விவாதம் வந்தால் சபை காலியாகிவிடும் காலத்தில், கோப்பும் குறிப்புமாக எழுந்து கேள்வி கேட்டவர் அவர். 1889இல் கடும் நோயிலிருந்து எழுந்ததும் கப்பலேறி, டிசம்பரில் பம்பாய் காங்கிரசுக்கு வந்தார். 1889ஆம் ஆண்டு, வந்த பிரதிநிதிகளும் 1,889 பேர். மக்களுக்காக அல்லாமல் வேறு யாருக்காக நான் உழைப்பேன் என்ற பொருளில் அங்கே பேசினார். திரும்பிப் போய், சட்டமன்றங்களில் இந்தியரின் இடத்தை விரிவாக்கும் மசோதா கொண்டுவந்தார். அது நிறைவேறவில்லை. அரசின் சொந்தச் சட்டம் 1892இல்தான் வந்தது, அதைப் பார்க்க அவர் இல்லை. லாகூரில் கட்டப்பட்ட பிராட்லா மண்டபம் அவர் பெயரைத் தாங்கியது.

நம்ம ஊர்ல இவரைப் பத்தி அப்பவே தெரியுமா? 'உளமார உறுதிகூறுகிறேன்'னு சொல்றது இவரால வந்ததா?

முதல் பாதிக்கு, தெரியும். 1880களில் சென்னை இலௌகிக சங்கம் என்ற சுயசிந்தனையாளர் அமைப்பு இங்கே இருந்தது. 'தத்துவ விவேசினி' என்று தமிழில் ஓர் இதழும், ஆங்கிலத்தில் ஓர் இதழும் நடத்தினார்கள். பிராட்லாவின் சங்கம்தான் அவர்களுக்கு முன்மாதிரி. சுயமரியாதை இயக்கத்துக்கு நாற்பது ஆண்டுகளுக்கு முந்தைய கதை இது.

இரண்டாம் பாதியில் அவசரப்பட வேண்டாம் என்பேன். கடவுளின் பெயரால் ஆணையிடலாம் அல்லது உளமார உறுதிகூறலாம் என்று இந்திய அரசமைப்பின் மூன்றாம் அட்டவணை இரண்டையும் வைத்திருக்கிறது. ஆனால் இந்திய நீதிமன்றங்களில் உறுதிமொழிக்கு இடம் கொடுத்த சட்டம் 1873ஆம் ஆண்டினுடையது, பிராட்லா எம்.பி. ஆவதற்கே ஏழு ஆண்டு முந்தையது. நேர்க்கோடு போட முடியாது.

கையில கடிகாரத்தை வெச்சுக்கிட்டு, 'கடவுள் இருந்தா அஞ்சு நிமிஷத்துல என்னைக் கொல்லட்டும்'னு சவால் விட்டவர்தானே? கடைசியில மனம் மாறினார்னும் படிச்சேன்.

இரண்டும் கட்டுக்கதை. கடிகாரக் கதையை அவர் வாழ்நாள் முழுக்க மறுத்தார், பரப்பியவர்கள் மேல் சட்ட நடவடிக்கையும் எடுத்தார். மரணப் படுக்கையில் மனம் மாறினார் என்ற பேச்சு எப்படியும் வரும் என்று அவர் மகள் ஹைபேஷியாவுக்குத் தெரியும். அதனால், நோயில் கிடந்தபோது மதம் பற்றி ஒரு வார்த்தையும் அவர் பேசவில்லை என்று பக்கத்தில் இருந்து கவனித்தவர்களிடம் முன்கூட்டியே கையெழுத்து வாங்கி வைத்தார்.

சபை அவர்கிட்ட மன்னிப்பாவது கேட்டுச்சா?

மன்னிப்பு என்ற சொல்லில் கேட்கவில்லை. 1891 ஜனவரி 27 அன்று, மேலே சொன்ன 1880 ஜூன் 22 தீர்மானத்தைச் சபைக் குறிப்பேட்டிலிருந்து நீக்க வேண்டும் என்று டாக்டர் ஹன்டர் என்ற உறுப்பினர் முன்மொழிந்தார். வாக்கெடுப்பே இல்லாமல் சபை ஏற்றது. பிராட்லா அப்போது நினைவிழந்து படுக்கையில் கிடந்தார். ஜனவரி 30 அன்று இறந்தார், செய்தி அவருக்கு எட்டவேயில்லை.

புரூக்வுட் இடுகாட்டுக்கு லண்டனிலிருந்து ரயிலில் கூட்டம் போனது. சடங்கு எதுவும் நடக்கவில்லை. லண்டனில் இருந்த இந்தியர்கள் பலர் வந்திருந்தார்கள். அவர்களில் சட்டம் படித்துக்கொண்டிருந்த இருபத்தொரு வயது இளைஞர் ஒருவரும் இருந்தார்: மோகன்தாஸ் காந்தி.